கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், சார்



ஒன்றாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைப் பதியும் நாளில் எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒரு வாசகம் தவறாமல் காதில் விழும். புதுச் சட்டை, புதுச் சப்பாத்து, எண்ணெய் வழியப் படிய வாரிய தலை. இப்படிப் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு தகப்பனார் சொல்வார்: "சார், இனிமே இவன் உங்க பிள்ளை. கண்ணை மட்டும் விட்டுடுங்க. மத்தபடி தோலை உரிச்சாலும் நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்." பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி அது பெறுகின்ற முதற்பாடம் அதுவே ஆகிவிடுகிறது.

இந்தப் பேச்சை நாங்கள் ஏளனமாக நினைப்பதில்லை. அதற்குள் இருக்கின்ற ஆசை எங்களுக்கு நன்றாகத் தெரியும். மழையிலும் வெயிலிலும் நாம் பட்டது போதும், நம் பிள்ளையாவது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்கிற ஆசை அது. படிப்பைக் கொடுக்கத் தம்மிடம் ஒன்றுமில்லையே என்று நினைக்கும் பெற்றோர், தம்மிடம் இருக்கின்ற ஒரே உரிமையை, அதாவது பிள்ளையைக் கண்டிக்கும் உரிமையை, அப்படியே தூக்கி எங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கொடுப்பவர் மனம் பெரியதுதான். ஆனால் அந்த உரிமையை வாங்கிக்கொண்ட நாங்கள் அதை வைத்து என்ன செய்தோம் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். பெற்றோர் எவ்வளவு அனுமதி கொடுத்தாலும் ஆசிரியர் நினைத்தபடி அடித்துவிட முடியாது. 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் இதைத் தெளிவாக வரையறுத்திருக்கின்றன. பிரம்பை எடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு உண்டு. அல்லது அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியருக்கு உண்டு. மற்றவர்க்கு இல்லை. பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கவே கூடாது. ஆண் பிள்ளைகளையும் மெல்லிய பிரம்பால் உள்ளங்கையிலோ, உடைக்கு மேலாகப் பின்புறத்திலோதான் அடிக்கலாம். கன்னத்தில் அறைவது, காதைத் திருகுவது, வெயிலில் முட்டி போட வைப்பது ஆகியவை அந்த விதிகள் கொடுத்த அதிகாரத்தில் அடங்கா. இது பெற்றோர் பலருக்குத் தெரியாது. சில ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொண்டே மறந்துவிடுகிறோம் என்பதும் உண்மை.

இந்தப் பிரம்புப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 1912-லும் 1923-லும் வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகத்தின் தலையில் பள்ளிக்கூடம் வைக்கும் கடமையைச் சுமத்தின. பள்ளி வந்தது, ஆசிரியருக்கு எங்கே போவது? பல தோட்டங்களில் கிராணியோ, கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரோ வாத்தியார் ஆனார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை அதட்டிய குரலே பிறகு வகுப்பிலும் அதட்டியது. துரை கிராணியை ஏச, கிராணி கங்காணியை ஏச, கங்காணி தொழிலாளியை ஏச, கடைசியில் ஏச ஆள் இல்லாத பிள்ளையின் முதுகில் அது வந்து இறங்கியது. ஆகவே பிரம்பை நம் முன்னோர் கொடுத்த சீதனம் என்று பூசையறையில் வைக்க வேண்டியதில்லை. ஆட்களை வேலை வாங்கக் கண்டுபிடித்த முறை அது. பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காக ஏற்பட்டது அல்ல.

இப்படிச் சொல்லும் நாங்கள் பிரம்பு பிடிக்காதவர்கள் அல்லர். பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்தோம். தேர்விலும் நன்றாக எழுதினோம். பிறகு ஒரு தோட்டப் பள்ளிக்கு வந்து சேர்ந்தோம். மாணவர் தொகை குறைவு என்பதால் இரண்டு வகுப்புகளை ஓர் அறையில் சேர்த்து ஒருவரே நடத்தவேண்டிய நிலை. ஒரு பக்கத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பினால், முதற்பக்கத்தில் சந்தை கூடிவிடும். படித்த உளவியல் ஒரே மாதத்தில் பறந்துபோயிற்று. மேசை மேல் ஒரு பிரம்பு வந்தது. அதற்கான அதிகாரத்தை யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அறை அமைதியாயிற்று. "நல்ல வாத்தியாரு, கண்டிப்பானவரு" என்று லயத்தில் பேர் கிடைத்தது. அந்தப் பேர் இனிக்கத்தான் செய்தது.

அந்த ஆண்டில் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கடைசிப் பெஞ்சில் உட்காருவான். பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். நான்காம் தடவை உரத்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து இலேசாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நாங்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டோம். உள்ளங்கையில் இரண்டு விழுந்தன. மறுவாரம் இன்னும் இரண்டு. தகப்பனாரிடம் சொன்னபோது, "வீட்லயும் இப்படித்தான் சார், எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி. நல்லாப் போடுங்க," என்றார். இரண்டு பக்கமும் ஒத்துப்போய்விட்டோம். பையன் நடுவில் அகப்பட்டுக்கொண்டான்.

சில வாரங்கள் கழித்து, பிரம்பை எடுக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "சார், அவன இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா கேக்காது. அந்தப் பக்கம் போய்க் கூப்பிடணும்." அவ்வளவுதான் சொன்னாள். வகுப்பு முழுவதற்கும் அது தெரிந்திருக்கிறது. விளையாடும்போது அந்தப் பிள்ளைகள் அவனுடைய வலப்பக்கமாக ஓடிப்போய்த்தான் அவனை அழைத்திருக்கிறார்கள். கல்லூரியில் படித்த எங்களுக்கும், பெற்ற தகப்பனுக்கும் மட்டும் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் இடது காதில் சீழ், நாற்றமும் இருந்தது. டவுனில் உள்ள அரசாங்க மருத்துவமனையில் காட்டியபோது, செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது, பல நாளாகவே சீழ் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். வலது காதும் முழுமையாக இல்லை. திரும்பிப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பு, என்ன கேட்டார்கள் என்று தெரியாத பிள்ளை அசட்டுத்தனமாகச் சிரிப்பது. அதற்குத்தான் நாங்கள் நான்கு அடி கொடுத்தோம்.

அந்த நான்கு அடியை நாங்கள் இன்றுவரை மறக்கவில்லை.

பெற்றோர்களே, இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சளி பிடித்து நாளாகிக் காதுக்குள் சீழ் கட்டுவது சிறு பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருகிற நோய். காதில் சுடு எண்ணெய் ஊற்றாதீர்கள். கோழி இறகு விட்டுக் குடையாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், ஆறக்கூடிய நோய்தான். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று, மெல்லிய குரலில், "பிஸ்கட் வேணுமா?" என்று கேளுங்கள். திரும்பவில்லை என்றால் ஏசுவதற்கு முன்னால் மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். கண்ணும் அப்படியே. கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதுபவன் எல்லாரும் திருடன் அல்லன். எழுத்துத் தெரியாமல் அப்படிச் செய்கிறவனும் உண்டு. வயிற்றில் கொக்கிப்புழு இருந்து இரத்தம் குறைந்த பிள்ளை மேசையில் தலை சாய்க்கும். அதைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம்.

அடுத்து, தாமதமாக வருகிற பிள்ளைகள். எங்கள் பள்ளியில் ஏழரை மணிக்கு மணி அடிக்கும். எட்டு மணி வரையில் ஒருவர் இருவராக வந்துகொண்டே இருப்பார்கள். தாமதமாக வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டு, குப்பை பொறுக்கிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது எங்கள் விதி. தினமும் அதே முகங்கள், அதே குப்பை. திடல் சுத்தமாயிற்றே தவிர ஒருவரும் நேரத்தோடு வரவில்லை. ஒரு நாள் விடியுமுன் லயத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று போனோம்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். சூடு ஏறினால் பால் சீக்கிரம் உறைந்துவிடும். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கும் பெரட்டு இருட்டிலேயேதான். அம்மாவும் அப்பாவும் வேலைக்காட்டுக்குப் போன வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தோம். மூன்றாம் ஆண்டில் படிக்கும் எங்கள் மாணவி ஒருத்தி, ஒன்பது வயது, அடுப்பில் வரக்காப்பி வைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு முகம் கழுவி, சட்டை மாட்டி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்து ஆயா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைச் சன்னலுக்கு உள்ளே மறைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவந்தாள். வந்து சேரும்போது ஏழே முக்கால். அவளைத்தான் நாங்கள் பொறுப்பில்லாதவள் என்று வாசலில் நிறுத்தி வைத்திருந்தோம். அந்தக் காலை வேளையில் அந்தத் தோட்டத்திலேயே அவளைவிடப் பொறுப்பானவர் யார் இருந்தார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

விதியை மாற்றினோம். தாமதமாக வருகிற பிள்ளை பேசாமல் உள்ளே வந்து உட்காரலாம். முதல் இருபது நிமிடம் பாடம் இல்லை, கதை. ஒரு கதையை எடுத்து நாளுக்குக் கொஞ்சமாகச் சொல்லி, நல்ல கட்டத்தில் நிறுத்திவிடுவோம். கதையின் தொடக்கத்தை விட்டுவிட்டோமே என்பதற்காகவே பல பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டோம். இரண்டு மூன்று பேர் வழியில் மீன் பிடிக்க நின்றுவிடும் உண்மையான சோம்பேறிகள். அவர்களுக்குக் கதையும் பிடிக்கவில்லை, பாடமும் பிடிக்கவில்லை. அவர்கள் விளையாட்டு நேரத்தில் இருபது நிமிடப் பாடத்தை எழுதி முடிக்கவேண்டும் என்று வைத்தோம். அந்த மூன்றாம் ஆண்டுச் சிறுமி வீட்டுக்கு மட்டும் ஒரு யோசனை சொன்னோம். பக்கத்து வீட்டுப் பாட்டி கைக்குழந்தையை ஆயாவிடம் கொண்டுபோய் விட இசைந்தார். அதற்குப் பிறகு அவள் மணி அடிக்குமுன் வந்துவிடுவாள்.

அப்படியானால் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். இல்லை. விதி இல்லாத வகுப்பில் முதலில் துன்பப்படுவது வாயில்லாத பிள்ளைதான். ஆனால் விதி கொஞ்சமாக இருக்கட்டும். எங்கள் வகுப்பில் நான்குதான். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கவேண்டும். யாரையும் அடிக்கக் கூடாது, பட்டப்பேர் சொல்லக் கூடாது. பிறர் பொருளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எடுத்த இடத்தில் வைக்கவேண்டும். ஒவ்வொன்றையும் மீறினால் என்ன என்பது பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியும். பிறனை அடித்தவன் அன்றைக்குப் பந்து விளையாட்டைப் பத்து நிமிடம் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். பத்து நிமிடம் சிறிய தண்டனைதான். ஆனால் அது தவறாமல் வரும். கிராணி மகனாக இருந்தாலும் வரும், வாத்தியார் மகனாக இருந்தாலும் வரும். தண்டனை பெரியதா என்பதைப் பிள்ளை பார்ப்பதில்லை. வருமா, தப்பிக்கலாமா என்றுதான் பார்க்கிறது. பத்துத் தடவை விட்டுவிட்டுப் பதினோராவது தடவை தோலை உரித்தால், பதினோராவது தடவைதான் அது நினைக்கிறது: இன்றைக்கு வாத்தியாருக்கு உடம்பு சரியில்லை என்று.

கோமாளித்தனம் செய்கிற பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று உண்டு. எங்களிடம் இருந்தவன் சேவல் போலக் கூவுவான். அச்சு அசலாக இருக்கும். நாங்கள் கோபித்துத் திரும்புவோம், வகுப்பு சிரிக்கும். எங்கள் கோபமும் அவர்கள் சிரிப்பும் அவனுக்குக் கிடைத்த சம்பளம். சம்பளம் கொடுத்துக்கொண்டே வேலையை நிறுத்து என்றால் யார் நிறுத்துவார்கள்? கூவும்போது திரும்பாமல் இருக்கப் பழகினோம். சும்மா இருக்கும்போது கூப்பிட்டுக் கரும்பலகை துடைக்கச் சொன்னோம், வாசிக்கச் சொன்னோம். முதல் வாரம் முன்னிலும் உரக்கக் கூவினான். அப்படித்தான் நடக்கும், பயந்துவிடக் கூடாது. பிறகு குறைந்தது. ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்கே சேவல் வேடம் கொடுத்தோம்.

இப்போது வீட்டுக்கு வருவோம். "இரு, வாத்தியார்கிட்ட சொல்றேன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். எங்களைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டால், பாடம் புரியவில்லை என்று எங்களிடம் வந்து சொல்ல அதற்கு எப்படி வாய் வரும்? அம்மா வேண்டாம் என்றதை அப்பா வாங்கிக் கொடுப்பதும், அப்பா அடித்ததற்குப் பாட்டி ஐம்பது காசு கொடுத்துத் தேற்றுவதும், பிள்ளைக்கு வழி காட்டிக்கொடுக்கும் வேலை. மக்கு, கழுதை, தண்டச்சோறு என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்ட பிள்ளை பதினோராவது தடவை நம்பிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி ஏசினால் அந்தப் பிள்ளையின் மேல் பகைதான் வளரும். அதைத்தான் மறுநாள் எங்கள் வகுப்பில் அடிதடியாகப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. சொல்லாமல் விட்டால் நாங்கள் கடமையில் தவறியவர்கள் ஆவோம். சம்பளம் போட்ட மறுநாட்களில் சில பிள்ளைகள் வகுப்பில் எப்படி வந்து உட்காருகின்றன என்று எங்களுக்குத் தெரியும். கண் வீங்கியிருக்கும். புத்தகப்பை வந்திருக்காது. ஏன் என்று கேட்டால் பதில் வராது. அல்லது இல்லாத காரணத்துக்குப் பக்கத்துப் பிள்ளையைக் குத்திவிடும். இரவு வீட்டில் குடித்துவிட்டுச் சட்டி பானை உடைந்தது என்பதை நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது. வகுப்பில் முட்டி மோதுகிற பிள்ளைகளில் பலர் வீட்டில் அடிபட்டவர்களாக இருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். அடி வாங்கியவன் அடிக்கக் கற்றுக்கொள்கிறான். வேறு என்ன பாடம் அதில் இருக்கிறது? தகப்பன்மார்கள் எங்கள் மேல் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

வீட்டு வேலை கொடுப்பதைப் பற்றி நாங்கள் குறை சொல்லமாட்டோம். தண்ணீர் எடுப்பது, கோழிக்குத் தீனி போடுவது, தன் சப்பாத்தைத் தானே கழுவுவது எல்லாம் நல்லது. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலக் கொடுங்கள். ஒன்பது மணிக்குள் தூங்க விடுங்கள். இரவு வெகுநேரம் படம் பார்த்த பிள்ளையை எந்தப் பிரம்பாலும் காலையில் விழிக்க வைக்க முடியாது.

எங்களுக்குத் தோல்வியும் உண்டு. ஆறாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். பிரம்புக்குப் பயந்து பயந்து, நாங்கள் நில் என்றால் நின்று, எழுது என்றால் எழுதி, பள்ளிக்கே முன்மாதிரி என்று கூட்டத்தில் பாராட்டு வாங்கியவன். பன்னிரண்டு வயது வரையில் அவனை நாங்கள் ஒரு நாளும் எங்கள் கண்பார்வையை விட்டு இறக்கவில்லை. பதின்மூன்று வயதில் டவுனில் உள்ள இடைநிலைப்பள்ளிக்குப் போனான். அங்கே பெரிய கட்டடம், ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், பாடத்துக்கு ஓர் ஆசிரியர். அவன் தமிழ் பேசினால் புரிந்துகொள்ளுகிற ஆசிரியர்கள் ஒருவர் இருவர். வீட்டுப்பாடம் செய்தானா என்று யாரும் துரத்திக்கொண்டு வரவில்லை. துரத்தினால்தான் ஓட வேண்டும் என்று நாங்களே ஆறு ஆண்டு கற்றுக்கொடுத்திருந்தோம். மூன்றாம் மாதத்தில் பேருந்தில் ஏறுவான், பள்ளிக்குப் போகமாட்டான். ஆண்டு முடிவதற்குள் நின்றுவிட்டான். அவன் பார்க்கின்ற தோட்டத்து வேலையை நாங்கள் தாழ்வாக நினைக்கவில்லை. அந்த வேலையால்தான் இந்தப் பள்ளியே நிற்கிறது. ஆனால் அவன் விரும்பி எடுத்த வேலை அல்ல அது. வழியில் எங்களைக் கண்டால் இன்றும் சைக்கிளை விட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த மரியாதையைப் பார்க்கும்போது எங்களுக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆகவே, பதியும் நாளில் அந்தப் பழைய வாசகத்தைக் கேட்கும்போது, இப்போது நாங்கள் பிள்ளையை வெளியே ஊஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, பெற்றோரை உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்கிறோம். காது நன்றாகக் கேட்கிறதா? இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? காலையில் அவன் கண் விழிக்கும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவனுக்கு என்ன செய்வதில் ஆசை?

அண்மையில் ஒரு தகப்பனார் முதல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டார். நான்காவதற்கு வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுந்து கதவருகில் போய், வெளியே நின்ற மனைவியைக் கூப்பிட்டு, "ஏம்மா, நம்ம பையனுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாதா ஒங்களுக்கு? மண்ணுல லாரி செய்வான், சக்கரம் கூடச் சுத்தும்," என்றார் அந்த அம்மாள்.

அதைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டோம்.